விலங்குக்குள் கால் மாட்டியது: குறுக்கெழுத்து கேள்வி – பதில்

வார இறுதிக் குறுக்கெழுத்துப் புதிர் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் அடிக்கடி வரும் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சனிக்கிழமை காலையில் ஆசையாகத்தான் உட்காருகிறேன். இடமிருந்து வலம் ஒன்றாம் எண்ணிலேயே மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் போய்விடுகிறது. சலித்துப்போய்த் தாளை மடித்து வைத்துவிடுகிறேன். எங்கேதான் தொடங்குவது?

ஒன்றாம் எண்ணில் தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த எண்கள் கட்டத்தின் முகவரிதான். விடை காணும் வரிசை அல்ல. முதல் ஐந்து நிமிடம் எழுதுகோலைத் தொடாமல் எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். முப்பது குறிப்பு இருந்தால் அதில் மூன்று நான்காவது படித்த மாத்திரத்தில் விடையைச் சொல்லிவிடும். பழமொழியில் ஒரு சொல்லை விட்டுக் கோடு போட்டிருப்பார்கள்; வேறொன்றில் இரண்டெழுத்து விடைக்குக் குறிப்பு வெளிப்படையாகவே இருக்கும். அவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்றில் புதிய குறிப்பை எங்கிருந்தாவது எடுக்காதீர்கள். எழுதிய சொல்லை வெட்டிச் செல்லும் சொற்களை மட்டும் பாருங்கள். ஓர் எழுத்து தெரிந்த ஐந்தெழுத்துச் சொல்லும் ஒன்றுமே தெரியாத ஐந்தெழுத்துச் சொல்லும் ஒன்றல்ல. நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு சொல் சிதறிக் கிடப்பதைவிட, ஒரே மூலையில் நான்கு சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது பலம். நீளமான விடை ஒன்று வசப்பட்டால் அதை வெட்டும் நான்கைந்து சொற்களுக்குக் கதவு திறக்கும். அதனால் நீளச் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் செலவிடலாம்.

பந்துமுனைப் பேனா வேண்டாம். கூரான கெட்டிப் பென்சில் செய்தித்தாளைக் கிழித்துவிடும். 2பி போன்ற மிருதுவான பென்சிலை இலேசாகப் பிடித்து எழுதுங்கள்; அழித்தாலும் தாள் தாங்கும். சந்தேகமான எழுத்தைக் கட்டத்தின் மூலையில் சிறியதாக எழுதுங்கள், நடுவில் வேண்டாம். நிச்சயமாகத் தெரியாத சொல்லைப் பெரிதாக எழுதிவிட்டால், அரை மணி நேரம் கழித்து அது ஊகம் என்பதே மறந்துபோகும். வெறுங்கட்டம் உங்களை ஏமாற்றாது; தப்பான சொல் ஏமாற்றும்.

கேள்வி: எழுத்து எண்ணிக்கையில் குழப்பம். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டா? ‘கொ’ என்பது எத்தனை?

உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எதுவானாலும் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் ஆக 247-இல் எதுவும் ஒரு கட்டத்தில் வரலாம். பட்டம் நான்கு கட்டம்: ப, ட், ட, ம். கொக்கு மூன்றுதான், ‘கொ’ அச்சில் மூன்று உறுப்பாகத் தெரிந்தாலும் ஓர் எழுத்தே. ‘கௌ’ என்பதில் பின்னால் வருவதை ‘ள’ என்று எண்ணிக் கூடுதலாக ஒரு கட்டம் தேடுகிறவர்கள் உண்டு. கௌரவம் நான்கு. அஃது மூன்று.

உண்மையில் தொந்தரவு தருவது இரட்டை எழுத்துவழக்கு. ஔவை என்றால் இரண்டு, அவ்வை என்றால் மூன்று. ஐயா இரண்டு, அய்யா மூன்று. விடை இதுதான் என்று மனம் அடித்துச் சொல்கிறது, கட்டம் மட்டும் ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது என்றால், சொல்லைக் கைவிடுவதற்கு முன் அதற்கு இன்னொரு எழுத்துவழக்கு உண்டா என்று பாருங்கள். கோயில், கோவில், கறுப்பு, கருப்பு போன்றவற்றில் எண்ணிக்கை மாறாது. ஆனால் வெட்டும் எழுத்து மாறும். இப்படிப்பட்ட சொற்களில் அந்த ஓர் எழுத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, வெட்டும் சொல் முடிவு செய்யட்டும் என்று காத்திருப்பதே நல்லது. ‘ஸ்ரீ’யை ஒரே கட்டத்தில் அடைப்பவர்களும் உண்டு, பிரிப்பவர்களும் உண்டு. ஒரே பத்திரிகையைத் தொடர்ந்து போட்டால் அவர்கள் வழக்கம் பிடிபட்டுவிடும்.

கேள்வி: இரண்டு மூன்று எழுத்துகள் கிடைத்த பிறகும் மீதியை ஊகிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரே எழுத்தை வைத்துச் சொல்லிவிடுகிறார். அவருக்குச் சொல்வளம் அதிகம் என்பதுதான் காரணமா?

சொல்வளம் பாதிக் காரணம். மீதி, தமிழ் எழுத்துகள் எப்படி அடுத்தடுத்து உட்காரும் என்ற பழக்கம். இது பள்ளியில் படித்த மெய்ம்மயக்கந்தான். அன்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது, கட்டத்துக்குள் கைவிளக்காக மாறுகிறது.

முதலில் மெய்யெழுத்து. க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லில் தன் வரிசைக்கு முன்னால் மட்டுமே நிற்கும். ஆகவே ஒரு கட்டத்தில் ‘க்’ கிடைத்தால் அடுத்தது க, கா, கி, கு என்று அந்தக் குடும்பத்தில் ஒன்று. சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: பட்டு, வெற்றி என இரட்டிக்கவும் செய்யும், நட்பு, வெட்கம், கற்பு, பயிற்சி என வேறு வல்லினத்தையும் சேர்த்துக்கொள்ளும். ‘ங்’ வந்தால் அடுத்தது க-வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். அங்ஙனம், இங்ஙனம் வந்தால்தான் தப்பும். ‘ந்’ என்றால் த-வரிசை, எப்போதாவது ந. ‘ஞ்’ என்றால் ச-வரிசை, எப்போதாவது ஞ. ர், ழ் இரட்டிப்பதில்லை. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருகின்றனவா? முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: மெய்ப்பொருள், பார்த்தான், வாழ்க்கை.

அடுத்து சொல்லின் ஓரங்கள். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. கடைசிக் கட்டம் மெய் என்று தெரிந்தால் ம், ன், ர், ல், ள் ஐந்தையும் முதலில் முயன்று பாருங்கள். ண், ய், ழ் பிறகு. குறிப்பு பன்மையில் இருந்தால் கடைசி இரண்டு கட்டத்தில் ‘கள்’ என்று மூலையில் குறித்து வைக்கலாம்.

எல்லாவற்றிலும் பயன்மிக்கது இனிச் சொல்வது. தனி உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். நடுவில் வருவது அளபெடையில் மட்டும். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. ஒவ்வொரு வெட்டுக் கட்டமும் இரண்டு சொற்களுக்குச் சொந்தம் என்பதால், உயிரெழுத்து விழும் கட்டம் இரண்டு சொல்லுக்குமே தொடக்கமாக இருந்தாக வேண்டும். மெய் விழும் கட்டம் இரண்டில் எதற்குமே தொடக்கமாக இருக்கக் கூடாது.

இதை வைத்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குறிப்பு: ‘உள்ளே போனால் விளக்கு வெளிச்சம்தான் (5)’. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. வெட்டும் சொல்லிலிருந்து மூன்றாவது எழுத்து ‘ங்’ என்று கிடைத்திருக்கிறது. நான்காவது க-வரிசை. பெயர்ச்சொல் என்பதால் கடைசியில் ‘ம்’ இருக்கலாம். இப்போது கையில் இருப்பது: _ _ ங் க ம். அரங்கம் பொருந்துகிறது. சுரங்கமும் பொருந்துகிறது. இரண்டுக்குள்ளும் விளக்கு வேண்டும். எதை எழுதுவது? கட்டத்தைப் பாருங்கள். முதல் கட்டத்தின் வழியே மேலிருந்து கீழ் ஒரு சொல் போகிறது, அந்தச் சொல் இரண்டு கட்டம் மேலேயே தொடங்கிவிட்டது. அப்படியானால் அந்த இடம் அதற்கு நடு எழுத்து. அங்கே ‘அ’ உட்கார முடியாது. சுரங்கம் என்று தயங்காமல் எழுதலாம். வெட்டும் சொல்லின் குறிப்பைப் படிக்கக்கூட இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைத்தான் யோசிக்காமலே செய்கிறார்.

கேள்வி: வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் நம் பத்திரிகைகளில் வருகிறதே, எப்படிச் சமாளிப்பது?

அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளின் எண் உள்ள கட்டத்தில் ஒரு சின்ன அம்பு, போகும் திசையில். தப்பு நடப்பது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான்: வலமிருந்து இடம் எழுதிய சொல்லை, பத்து நிமிடம் கழித்து இடமிருந்து வலமாகப் படித்து, ‘இப்படி ஒரு சொல்லே இல்லையே’ என்று அழிப்பது. மேலே சொன்ன எழுத்து விதிகளையும் திசையோடு திருப்பிக்கொள்ள வேண்டும். வலமிருந்து இடம் போகும் சொல்லுக்கு வலக்கோடிக் கட்டந்தான் முதல் எழுத்து. மெய் வரக் கூடாத இடம் அதுதான். உயிர்மெய் பிரியாது என்பதும் நினைவிருக்கட்டும்: மாலை என்பது திரும்பினால் லை, மா.

கேள்வி: சங்கேதக் குறுக்கெழுத்து என்று ஒன்று வருகிறது. குறிப்பைப் படித்தால் ஏதோ கதை மாதிரி இருக்கிறது, விடைக்கும் அதற்கும் சம்பந்தமே தெரியவில்லை. விடையைப் பார்த்தாலும் புரியவில்லை. விளக்க முடியுமா?

வாருங்கள், ஒன்றை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்.

‘விலங்குக்குள் கால் மாட்டியது, மழை வந்தால் கத்தும் (3)’

படித்தவுடன் மனத்தில் ஒரு படம் வருகிறது: ஏதோ ஒரு மிருகம், கால் சிக்கிக்கொண்டது, வலியில் கத்துகிறது. புதிர் அமைத்தவர் அந்தப் படத்தைத்தான் உங்களுக்குக் காட்ட நினைத்தார். அதைக் கலைத்துவிட்டுச் சொல் சொல்லாகப் பாருங்கள். சங்கேதக் குறிப்பில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று விடையின் நேரான பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில் இருக்கும், நடுவில் இருக்காது. மற்றது விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி.

முடிவில் இருப்பது ‘மழை வந்தால் கத்தும்’. அதை நேர்ப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். மீதி ‘விலங்குக்குள் கால் மாட்டியது’. ஒன்றுக்குள் மற்றொன்றைச் செருகச் சொல்கிறார். விலங்கு என்றால் மிருகம் மட்டுமா? கைவிலங்கு, கால்விலங்கும் விலங்குதான். அதற்கு இன்னொரு சொல் தளை. கால் என்றால் பாதம் மட்டுமா? நான்கில் ஒரு பங்கும் கால். பழைய தமிழ் எண் வழக்கில் கால் பங்குக்குக் குறி ‘வ’. தளைக்குள் வ-வைச் செருகுங்கள்: த, வ, ளை. தவளை! மழை வந்தால் கத்துகிறதா? கத்துகிறது.

அந்த நொடியில் ஒன்று சட்டென்று பொருந்துகிறதே, வார இறுதியில் இந்தக் கட்டங்களோடு உட்காருவதே அதற்காகத்தான். விடை தெரிந்ததில் வருகிற மகிழ்ச்சி கொஞ்சம். ‘விலங்கு’, ‘கால்’ என்று நாள்தோறும் வாயில் புழங்குகிற சொல் கண்ணெதிரே வேறொன்றாக மாறுவதில் வருகிற மகிழ்ச்சி அதிகம். இன்னொன்றும் உண்டு. நேர்ப்பொருளும் கட்டுமானமும் ஒரே சொல்லில் வந்து முடிவதால், அச்சான விடைக்காகக் காத்திருக்க வேண்டாம். சரியா தப்பா என்பதைக் குறிப்பே சொல்லிவிடும்.

வேறு வகைகளையும் பார்த்துவிடுங்கள். அடுத்தடுத்து ஒட்டுவது: ‘புலவனும் ஒரு மாதமும் சேர்ந்து தந்த படைப்பு (3)’. கவி, தை, கவிதை. ‘குதிரைக்குப் பின் உறைப்பு, குறை தீர்க்கும் வழி (5)’. பரி, காரம், பரிகாரம். ஒளித்து வைப்பது: ‘கவிதையினுள் இருப்பதை ஊன்றினால் முளைக்கும் (2)’. க-வுக்குப் பின்னாலேயே விதை கிடக்கிறது. வெட்டுவது: ‘முதல் போன முதலைக்கு மிஞ்சிய உச்சி (2)’. வியாபாரத்தில் போட்ட முதல் என்று படிக்கத் தோன்றும். போனது முதல் எழுத்து. முதலையில் மு போனால் தலை.

கலைத்து அடுக்குவது சற்றுக் கடினம். ‘மலிவாய்த் தொடங்கி, உருக்கிய தகரம் பச்சைக் கல்லாகும் (5)’. மலிவின் தொடக்கம் ம. தகரத்தை உருக்கினால், அதாவது த, க, ர, ம் நான்கையும் இடம் மாற்றினால், ரகதம். ம-வோடு சேர்த்தால் மரகதம். இங்கே ‘உருக்கிய’ என்பது சமிக்ஞை. கலைந்த, ஆடிய, சிதறிய, குழம்பிய, பித்துப் பிடித்த என்று நிலைகுலைவைக் காட்டும் எந்தச் சொல் வந்தாலும், பக்கத்துச் சொல்லின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். விடையின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் பெரும்பாலும் கலைப்புதான். ‘உள்ளே’, ‘வயிற்றில்’, ‘அகத்தே’ என்றால் செருகலோ ஒளிப்போ. ‘தலையிழந்த’, ‘கடையில்லாத’ என்றால் வெட்டு.

தமிழில் சங்கேதக் குறிப்பு அமைப்பதில் ஒரு சிரமம் உண்டு, விடை காண்பவரும் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி எழுத்து மாறிவிடுகிறது. பெருமான் என்பதில் மான் இருக்கிறது. ‘பெருமானுக்குள்’ என்று எழுதினால் ‘னு’ ஆகி மான் ஓடிவிடுகிறது. நல்ல அமைப்பாளர் ‘பெருமான் உள்ளே’ என்று எழுதுவார். செருகல், கலைப்பு வகைகளில் மட்டும் உருபை நீக்கிவிட்டு அடிச்சொல்லை எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு.

கேள்வி: அகராதி பார்ப்பது ஏமாற்றுவதாகுமா? கைப்பேசியில் தேடுவது?

உங்கள் கட்டம், உங்கள் விதி. ஆனாலும் எங்கள் கருத்து ஒன்று உண்டு. குறிப்பை அப்படியே தேடுபொறியில் இட்டு விடையை எடுத்தால் கட்டம் நிரம்பும். அந்தப் பொருந்தும் நொடி கிடைக்காது. குறிப்பில் உள்ள ஒரு சொல்லுக்கு வேறு என்ன பொருள் உண்டு என்று பார்ப்பது அப்படியல்ல. விடையை நீங்கள்தான் காண்கிறீர்கள். முதல் அமர்வில் எதையும் பார்க்காமல் போடுங்கள். இரண்டாம் அமர்வில் அகராதி வரட்டும்.

இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழஞ்சொல் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஆனால் குறுக்கெழுத்துப் போடுகிறவர் கையில் இருக்க வேண்டியது நிகண்டு என்பது எங்கள் துணிபு. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று அடுக்கித் தருவது அதுதானே. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் 11-ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்கிறது. அதில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் எழுத்து மட்டும் கையில் உள்ளவருக்கு முதலெழுத்து அகராதி உதவாது. இது உதவும்.

கேள்வி: இது மேல்நாட்டுப் பொழுதுபோக்குத்தானே? தமிழுக்கு ஒட்டுமா?

கட்டம் மேல்நாட்டுச் சரக்குதான். 1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் இணைப்பிதழில் ஆர்தர் வின் அமைத்த முதல் புதிர் வந்தது. சாய்சதுர வடிவம், நடுவில் வெற்றிடம். 1924-இல் நியூயார்க்கில் வெளியான முதல் புதிர்ப் புத்தகத்தோடு ஒரு பென்சிலையும் இணைத்து விற்றார்கள். லண்டன் ‘டைம்ஸ்’ 1930-இலும், வெகுகாலம் மறுத்து வந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ 1942 பிப்ரவரி 15 ஞாயிறன்றும் தொடங்கின.

ஆனால் கட்டத்துக்குள் நடக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் வைத்து விளையாடும் சித்திரகவி வகைகளில் ‘வினாவுத்தரம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. அதற்கான எடுத்துக்காட்டுப் பாடல் வரிசையாகக் கேட்கிறது: பூமகள் யார்? போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? சரத்துக்குப் பெயர் என்ன? அழகுக்குப் பெயர் என்ன? பிறைசூடிய பெருமான் உறையும் இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்தால் திருவேகம்பம். கடைசிக் கேள்வி நேர்ப்பொருள். முந்தைய நான்கும் கட்டுமானம். மேலே பரிகாரத்தைப் பிரித்தோமே, அதே முறை! ஒரே வித்தியாசம், அங்கே புணர்ச்சியும் சேர்ந்து வேலை செய்கிறது. ஏகு, அம்பு இரண்டும் உகரத்தை இழந்து அடுத்த சொல்லோடு கலக்கின்றன. இன்றைய குறிப்புகள் அந்தத் துணிச்சலை மேற்கொள்வதில்லை. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளிக்கும் கரந்துறை செய்யுளும், எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து வேறு வேறு பொருள் காட்டும் அக்கரச் சுதகமும் அதே வரிசையில் இருக்கின்றன. ‘வ’ என்றால் கால் என்பதற்கும் ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலே சாட்சி: எட்டுக்கு அ, காலுக்கு வ, ஆக அவலட்சணமே.

கேள்வி: கணவரும் நானும் ஒரே புதிரைப் போடுகிறோம். நான் யோசிப்பதற்குள் அவர் விடையைச் சொல்லிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சண்டையில் முடிகிறது.

பென்சில் ஒருவரிடம், குறிப்பு படிப்பது மற்றவரிடம். பாதியில் மாற்றிக்கொள்ளுங்கள். விடை தெரிந்தவர் ‘தெரிந்தது’ என்று மட்டும் சொல்லட்டும். மற்றவர் கேட்டால் ஓர் எழுத்து கொடுக்கலாம், முழுச் சொல் கூடாது. இப்படிப் போடுவதில் லாபமும் உண்டு. ஒருவர் கண்ணால் பார்க்க, ஒருவர் காதால் கேட்கும்போது குறிப்பு இரண்டு விதமாக உடைகிறது. அச்சில் காற்புள்ளி போட்டு ஒருவரை ஏமாற்றிய குறிப்பு, காதில் விழும்போது புள்ளி இல்லாமல் சரியாக விழும்.

கேள்வி: தினமும் போட்டால் மறதி நோய் வராதாமே?

அந்த உறுதியை யாரும் தர முடியாது. குறுக்கெழுத்து போட்டால் குறுக்கெழுத்து நன்றாக வரும், சொற்கள் சட்டென்று நாவுக்கு வரும். மருந்துபோல எண்ணி விழுங்க வேண்டாம். மறதி பற்றிக் கவலை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், புதிரைப் பிடித்திருந்தால் போடுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்து இரண்டு மூன்று சொற்கள் மட்டும் நின்றுவிடுகின்றன. மணிக்கணக்காக முறைத்துக்கொண்டு இருந்தாலும் வருவதில்லை. மறுநாள் காலையில் பார்த்தவுடன் வந்துவிடுகிறது. ஏன்?

முறைத்துக்கொண்டு இருப்பதுதான் காரணம். தவறான ஒரு பொருளில் மனம் பூட்டிக்கொண்டால், அதே குறிப்பை எத்தனை முறை படித்தாலும் அந்தப் பொருளே திரும்பத் திரும்ப வரும். விலங்கு என்றால் மிருகம் என்று நினைத்தவருக்குப் பத்தாவது முறையும் மிருகந்தான். விட்டுவிட்டு எழுந்து போனால் அந்தப் பிடி தளர்கிறது. வார இறுதிப் புதிரை இரண்டு அமர்வாகப் பிரித்துக்கொள்வது அதற்குத்தான்: சனிக்கிழமை நாற்பது நிமிடம், ஞாயிறு இருபது நிமிடம். ஒரு குறிப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

மறுநாளும் வரவில்லை என்றால், குறிப்பைச் சந்தேகிக்கும் முன் வெட்டும் எழுத்துகளைச் சந்தேகியுங்கள். அந்தச் சொற்களில் எதை முழுக் காரணம் தெரியாமல், ‘பொருந்துகிறதே’ என்று மட்டும் எழுதினீர்கள்? அதை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். முடிவில் பிழை அங்கேதான் அகப்படும்.

கேள்வி: குழந்தைகளுக்காகச் சிறிய புதிர் ஒன்று நானே அமைக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

7-க்கு 7 போதும், 49 கட்டம். சொற்களை முதலில் கோத்துவிட்டு, மிஞ்சும் கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். குறிப்பு எழுதுவது கடைசி வேலை. நீளமான சொல்லை மூன்றாவது வரிசையில் எழுதுங்கள். மரகதம் என்றே வைத்துக்கொள்வோம், முதல் ஐந்து கட்டத்தில். இனி ஒன்று, மூன்று, ஐந்தாம் எழுத்துகளை மட்டும் வெட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளையும் வெட்டினால் பக்கவாட்டில் பொருளற்ற சொற்கள் உருவாகிவிடும். முதல் ‘ம’வில் தொடங்கி மலர் கீழே இறங்கட்டும். மூன்றாவது ‘க’வின் வழியே வாசகர்: வா, ச மேலே, ர் கீழே. கடைசி ‘ம்’மில் மெய் இருப்பதால் அங்கிருந்து எந்தச் சொல்லும் தொடங்க முடியாது, முடியலாம். மேலிருந்து நிலம் வந்து அதில் முடியட்டும். கட்டத்தின் கடைசி மூன்று வரிசைகளை இப்படியே இன்னொரு நீளச் சொல்லிலிருந்து கட்டி, மலரின் ‘ர்’ அல்லது வேறொரு சொல் வழியாக மேல்பகுதியோடு இணையுங்கள். இணைப்பு இல்லாவிட்டால் அது ஒரு புதிராக நிற்காது, இரண்டாகப் பிரிந்துவிடும்.

புதிதாக அமைப்பவர்கள் இடறும் இடம் நீளச் சொல்லின் இரட்டை எழுத்து. ‘பட்டாம்பூச்சி’யில் ஆறு அல்ல, ஏழு எழுத்து: ப, ட், டா, ம், பூ, ச், சி. அதில் மூன்று மெய். அந்த மூன்றையும் வெட்டிடமாக வைத்துக்கொண்டால், நடுவிலோ கடைசியிலோ அதே மெய் வரும் சொல் தேடி அலைய வேண்டியிருக்கும். முதலும் மூன்றும் ஐந்தும் ஏழும் உயிர்மெய் என்பதால் இந்தச் சொல் உண்மையில் நல்ல சொல். இரண்டாம் எழுத்தில் தொடங்கி வெட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

முடித்ததும் விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் போடும்போது பேசாமல் பாருங்கள். எங்கே வேறொரு சொல்லை எழுதுகிறாரோ, அந்தக் குறிப்பு இரண்டு விடைக்கு இடம் தருகிறது என்று பொருள். அவரைத் திருத்த வேண்டாம், குறிப்பைத் திருத்துங்கள்.

கேள்வி: சங்கேதக் குறிப்பு ஒன்று கொடுங்கள், நானே அவிழ்த்துப் பார்க்கிறேன். விடை வேண்டாம்.

தமிழ் எண்களில் ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, நான்குக்கு ச, ஏழுக்கு எ, எட்டுக்கு அ என்பதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘வானத்தின் நடுவே ஒன்று, ஏறிப் போகலாம் (4)’